வெள்ளைத் துணியில் நீல நிழல்: குழந்தைகளுக்கு இம்ப்ரெஷனிசம் கற்பித்த வகுப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டு முதல் பத்து வயது வரையுள்ள 12 குழந்தைகள். தலா 80 நிமிடம் கொண்ட நான்கு அமர்வுகள். 19-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில், மாறும் வெளிச்சத்தைக் கண்ணில் பட்டபடியே தீற்றல்களாக வரைந்த இம்ப்ரெஷனிச ஓவியர்கள் எதைப் பார்த்தார்கள், பார்த்ததை எப்படி வண்ணத்தில் கொண்டுவந்தார்கள் என்பதைக் குழந்தைகள் தங்கள் கையால் செய்து அறிய வேண்டும், அதுதான் எண்ணம். முதல் சுற்று கலகலப்பாக நடந்தது. எல்லோரும் ஆளுக்கொரு படத்தோடு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்க நினைத்தது எதுவும் அந்தத் தாள்களில் இல்லை. பொருட்களில் பாதியை எடுத்துவிட்டு, பாடத்தின் வரிசையைத் தலைகீழாக்கி இரண்டாம் சுற்று நடந்தது. இரண்டுக்கும் நடுவே மாறியவை எவை, ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதை இங்கே பார்க்கலாம்.

முதல் சுற்று

சுவரில் இம்ப்ரெஷனிச ஓவியர் மோனேயின் அல்லிக்குளப் படம் ஒன்றின் அச்சு. ஒவ்வொருவருக்கும் ஒரு ஏ4 தாள், பென்சில், 12 நிறங்கள் கொண்ட போஸ்டர் கலர் பெட்டி, கூர்முனை பிரஷ் ஒன்று, காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு கைப்பிடி. முதல் இருபது நிமிடம் ஓவியரின் வாழ்க்கைக் கதை. பிறகு, "சின்னச் சின்னப் புள்ளியாக வையுங்கள், தள்ளி நின்று பார்த்தால் படம் தெரியும்" என்ற குறிப்பு. மீதி ஒரு மணி நேரமும் வரைவதற்கு.

வந்த படங்கள் ஒன்றுபோலவே இருந்தன. அல்லி இலையைப் பென்சிலில் அழுத்தி வரைந்து, பெட்டியில் இருந்த பச்சையை அப்படியே உள்ளே நிரப்பி, அதன்மேல் அம்மை போட்டதுபோல் புள்ளிகள். தண்ணீர் என்றால் நீலம், இலை என்றால் பச்சை, நிழல் என்றால் கறுப்பு. நாற்பது நிமிடம் தாண்டியதும் பல தாள்களில் குளத்தின் நடுப்பகுதி சாம்பலும் பழுப்பும் கலந்த சேறாக மாறியிருந்தது. படத்தைக் காட்டி "தண்ணீரில் என்ன நிறமெல்லாம் தெரிகிறது?" என்று கேட்டதற்கு "நீலம்" என்ற பதில்தான் வந்தது. சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஊதாவும் இளஞ்சிவப்பும் இருந்தன. ஒரு மணி நேரம் அதைப் பார்த்தே வரைந்தும் அவை கண்ணில் படவில்லை.

கோளாறு குழந்தைகளிடம் இல்லை, கொடுத்த குறிப்பில்தான் இருந்தது. புள்ளிவைத்து வரைவது இம்ப்ரெஷனிசமே ஆகாது. அது பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ஸெரா வகுத்த முறை. அவர் 1884 முதல் 1886 வரை வரைந்த பெரிய ஓவியமான 'லா கிராந்த் ஜாத்', இம்ப்ரெஷனிஸ்டுகளின் எட்டாவது, அதாவது கடைசிக் கண்காட்சியில்தான் வந்தது. மோனே, மொரிசோ போன்ற இம்ப்ரெஷனிஸ்டுகள் வைத்தவை தீற்றல்கள், அதாவது பிரஷை வைத்து இழுத்த தடங்கள். துணி மடியும் திசையில், நீர் அசையும் திசையில், புல் சாயும் திசையில் ஓடுபவை. பஞ்சுக்குச்சிக்குத் திசை கிடையாது. எங்கே வைத்தாலும் ஒரே வட்டம்தான். இந்த ஒரு கருவியே பாடத்தின் பாதியை அழித்துவிடுகிறது.

"தள்ளி நின்று பார்த்தால் நிறங்கள் கண்ணில் கலந்துவிடும்" என்பதும் அளவுக்கு மீறிச் சொல்லப்படுகிற ஒன்று. கூர்மையான பார்வை ஏறக்குறைய ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். அதன்படி 1 மில்லிமீட்டர் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து தெரிய, சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குழந்தை வைக்கும் தீற்றல் 10 மில்லிமீட்டர் அகலம் என்றால் 34 மீட்டர் போக வேண்டும். வகுப்பறைச் சுவரை இடித்தால்தான் முடியும். இம்ப்ரெஷனிச ஓவியங்களிலும் தீற்றல்கள் முழுக்கக் கலந்து மறைவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கின்றன. கோப்லின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரோல் 1839-இல் எழுதி வெளியிட்டது இதைத்தான்: ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறம் முடிவுசெய்கிறது. கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாருக்குக் காரணம் சாயம் இல்லை, பக்கத்து நூலின் நிறம் என்று அவர் கண்டுபிடித்தார். குழந்தைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சாம்பல் சதுரத்தை மஞ்சள் தாளிலும் நீலத் தாளிலும் ஒட்டிக் காட்டினால் போதும்.

சேறு எப்படி வருகிறது

முதல் சுற்றின் மற்ற பிழைகளை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நகலெடுக்கச் சொன்னது, பென்சில் கொடுத்தது, நேரத்தை அதிகமாகக் கொடுத்தது. சேற்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா ஓவிய வகுப்புகளிலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான், "நல்லா கழுவிட்டுத் தொடு" என்ற அறிவுரையால் தீராததும் இதுதான்.

காரணங்கள் மூன்று. ஒன்று, நிறத் தேர்வு. ஊதா வேண்டுமென்று குழந்தை சிவப்பையும் நீலத்தையும் கலக்கிறது. பெட்டியில் இருப்பது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த ஸ்கார்லெட் சிவப்பு. அதற்குள் ஏற்கெனவே மஞ்சள் ஒளிந்திருக்கிறது. ஆக, கலந்தது இரண்டு நிறம்போலத் தெரிந்தாலும் உண்மையில் மூன்று அடிப்படை நிறங்களும் சேர்ந்துவிட்டன. பழுப்புதான் வரும். அதே நீலத்தோடு கிரிம்சன் சிவப்பைச் சேர்த்தால் தெளிவான ஊதா கிடைக்கும். பச்சையிலும் இப்படித்தான். அல்ட்ராமரைன் நீலத்தில் சிவப்புச் சாயல் உண்டு, அதோடு மஞ்சள் சேர்ந்தால் மந்தமான பாசிப்பச்சை. செருலியன் நீலத்தோடு லெமன் மஞ்சள் சேர்ந்தால் தளிர்ப்பச்சை.

இரண்டு, போஸ்டர் கலரின் குணம். காய்ந்த பிறகும் அது தண்ணீர் பட்டால் கரையும். ஈரமான பிரஷை மேலே இரண்டு முறை தேய்த்தால் அடியிலிருக்கும் நிறம் எழுந்து வந்து கலந்துகொள்ளும். "காயட்டும், அப்புறம் மேலே போடு" என்பது அக்ரிலிக்குக்குச் சரி, போஸ்டர் கலருக்குப் பாதிதான் சரி. மேலே போடும் வண்ணம் பற்பசைப் பதத்தில் கெட்டியாக இருந்து, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால்தான் அடி கலங்காது.

மூன்று, தண்ணீர்க் குவளை. பத்து நிமிடத்தில் அது சாம்பல் நிறமாகிவிடும். அதில் நனைத்த பிரஷ் எதைத் தொட்டாலும் கொஞ்சம் சாம்பலோடுதான் தொடும். குழந்தைகள் பிரஷைக் கழுவுவார்கள், துடைக்க மாட்டார்கள். பிரஷின் மயிருக்குள் நிற்கும் அழுக்குத் தண்ணீர்தான் அடுத்த நிறத்தைக் கெடுக்கிறது. எனவே வரிசை இப்படி: முதலில் பழந்துணியில் துடை, பிறகு கழுவு, மறுபடி துடை. முதல் துடைப்பிலேயே வண்ணத்தில் பெரும்பகுதி போய்விடுவதால் குவளையும் அதிக நேரம் தெளிவாக இருக்கும்.

இரண்டாம் சுற்றுக்கு வைத்த பொருட்கள்

ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் இரண்டு: லெமன் மஞ்சள், ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த மஞ்சள், ஸ்கார்லெட், கிரிம்சன், அல்ட்ராமரைன், செருலியன். இவற்றோடு வெள்ளை. கறுப்பு, பழுப்பு, ஆயத்தப் பச்சை மூன்றையும் பெட்டியிலிருந்தே எடுத்துவிட வேண்டும். "பயன்படுத்தாதே" என்று சொல்லிவிட்டு மேசையில் வைத்திருந்தால் பயன்படுத்தத்தான் செய்வார்கள். லேபிளில் கேட்மியம், கோபால்ட் என்று இருந்தால் அசல் நிறமியா, அதன் சாயலில் செய்த 'ஹியூ' வகையா என்று பார்க்க வேண்டும். அசல் கேட்மியம் நிறமிகள் குழந்தைகள் கையில் இருக்கக் கூடாது.

ஓர் அமர்வுக்கு ஒரு குழந்தைக்கு வெள்ளை 20 மில்லி, மஞ்சள்களும் நீலங்களும் தலா 5 மில்லி, சிவப்புகள் தலா 4 மில்லி. 12 பேருக்கு வெள்ளை மட்டும் 240 மில்லி ஆகிறது. கடைப் பெட்டிகளில் எல்லா நிறமும் ஒரே அளவில் வருவதால் வெள்ளைதான் முதலில் தீரும். அதைத் தனியாகப் பெரிய டப்பாவில் வாங்கிவைப்பது நல்லது. முதலில் பாதி அளவைத் தட்டில் வைத்து, மீதியைப் பிறகு கேட்கும்போது கொடுக்கலாம்.

பிரஷ்: தட்டை முனை, விறைப்பான மயிர், 12 முதல் 15 மில்லிமீட்டர் அகலம், ஆளுக்கு இரண்டு. ஒன்றின் காம்பில் சிவப்பு டேப், மற்றொன்றில் நீல டேப். வெதுவெதுப்பான நிறங்களுக்கு ஒன்று, குளிர்ச்சியான நிறங்களுக்கு ஒன்று. இந்தச் சின்ன ஏற்பாடு சேற்றைக் குறைப்பதில் எல்லா அறிவுரைகளையும்விட அதிக வேலை செய்கிறது. மெல்லிய பிரஷ் ஒன்றுகூட மேசையில் இருக்கக் கூடாது. இருந்தால் இலை நரம்பு வரையத் தொடங்கிவிடுவார்கள்.

தாள்: 200 ஜிஎஸ்எம்-க்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் அளவு) குறையாத கார்ட்ரிட்ஜ் எனும் தடித்த ஓவியத் தாள், 18 × 24 சென்டிமீட்டர். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் அட்டையில் ஒட்டியிருக்க வேண்டும். முந்தின நாளே தாளுக்கு வெளிறிய மணல் நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்துவிடலாம். வெள்ளைத் தாளில் வெள்ளைத் துணியை வரையச் சொன்னால், "அதான் ஏற்கெனவே வெள்ளையா இருக்கே" என்று பிரஷைக் கீழே வைத்துவிடுவார்கள். இம்ப்ரெஷனிஸ்டுகளும் வெளிர் சாம்பல், பழுப்புக் கலந்த வெள்ளை போன்ற அடிப்பூச்சுகளில் நிறைய வரைந்திருக்கிறார்கள். தீற்றல்களுக்கு நடுவே அந்த அடிநிறம் எட்டிப்பார்ப்பது படத்துக்கு ஓர் ஒற்றுமையைத் தரும்.

முதல் அமர்வு: ஓட்டை அட்டை

ஓவியமும் இல்லை, ஓவியர் பெயரும் இல்லை. வெயிலில் ஒரு வெள்ளைத் துணி, கையில் ஓர் அட்டை, அவ்வளவுதான்.

அட்டை நடுத்தரச் சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அளவில் இருக்க வேண்டும். அதில் 1 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு ஓட்டைகள், இடையே 4 சென்டிமீட்டர் இடைவெளி. கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓர் ஓட்டை வழியாகத் துணியில் வெயில் படும் இடமும் மற்றதன் வழியாக மடிப்பின் நிழலும் தெரியும்படி அட்டையை நகர்த்த வேண்டும். அட்டை இல்லாமல் பார்த்தால் துணி முழுக்க வெள்ளைதான். மூளை அதை வெள்ளை என்று முன்பே முடிவுகட்டிவிட்டது. அட்டை அந்த முடிவை மறைக்கிறது. இரண்டு ஓட்டைகளிலும் துணி மறைந்துபோய் இரண்டு நிறத் துண்டுகள் மட்டும் மிஞ்சுகின்றன: ஒன்று இளமஞ்சள் கலந்த வெள்ளை, மற்றொன்று நீலம்.

ஒற்றை ஓட்டை போதாது. நிறத்தை ஒப்பிட்டுத்தான் அறிகிறோம், தனியாகப் பார்த்தால் நிழலும் வெறும் சாம்பலாகத் தெரியும். வெள்ளை அட்டையும் உதவாது. அதன் பளபளப்பில் ஓட்டைக்குள் தெரிவதெல்லாம் கறுத்துப்போகும்.

நிழல் ஏன் நீலம் என்று எப்படியும் யாராவது கேட்பார்கள். பதில் எளிது: சூரியனின் நேர் ஒளி மடிப்புக்குள் போகவில்லை, ஆனால் வானத்தின் ஒளி போகிறது, வானம் நீலமாக இருக்கிறது. துணியின் கீழ் விளிம்பை அட்டை வழியாகப் பார்க்கச் சொன்னால் இன்னொன்றும் தெரியும். புல்லுக்கு மேல் தொங்கும் துணியின் அடி மடிப்பில் பச்சை படிந்திருக்கும்.

பார்த்த இரண்டு நிறங்களையும் அதே இடத்தில் கலக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் அகல அட்டைப் பட்டையில் கலந்த நிறத்தைப் பூசி, ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பொருத்திப் பார்க்கலாம். நிழலுக்கு எட்டுப் பங்கு வெள்ளை, ஒரு பங்கு அல்ட்ராமரைன், பிரஷ் நுனியளவு கிரிம்சன் என்று தொடங்கினால் பக்கத்தில் வந்துவிடும். இங்கே வழக்கமாக வரும் தவறு, நீலத்தை எடுத்து அதில் வெள்ளையைச் சேர்ப்பது. வெளிர் நிறத்தை எட்டுவதற்குள் இரண்டு மூன்று பேருக்குத் தேவையான வெள்ளை செலவாகி, தட்டில் ஒரு பெரிய நீலக் குட்டை நிற்கும். வெள்ளையை முதலில் வைத்து, அடர்ந்த நிறத்தை நுனியில் எடுத்து அதற்குள் கொண்டுபோக வேண்டும்.

சலவை நீலம் போட்ட துணியைத் தவிர்ப்பது நல்லது. வெயில் படும் பக்கமும் நீலம் காட்டி வேறுபாட்டைக் குறைத்துவிடும். உச்சி வெயிலும் ஆகாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில்தான் மடிப்புகள் நீண்ட நிழல் தரும், வெளிச்சத்தின் மஞ்சளும் கூடியிருக்கும். மேகம் மூடிவிட்டால் இந்த அமர்வை நடத்தவே வேண்டாம். நிழல் விளிம்பின்றிப் பரவி, சாம்பலாகிவிடும். ஆசிரியர் "நீலம் தெரிகிறது பாருங்கள்" என்பார், குழந்தைகளும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அந்த நாளில் இரண்டாம் அமர்வை முன்னுக்குக் கொண்டுவரலாம், அது அறைக்குள் நடப்பது.

இரண்டாம் அமர்வு: மறையும் சூரியன்

இந்தப் பயிற்சிக்கு மூலம் மோனேயின் 'உதயம், ஒரு மனப்பதிவு'. லெ ஆவ்ர் துறைமுகத்தில் வரைந்தது, 1872 என்று தேதியிட்டது, 48 × 63 சென்டிமீட்டர்தான் அளவு. இன்று பாரிஸில் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஆரஞ்சுச் சூரியன் தகதகக்கிறது. ஆனால் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சூரியன் ஏறக்குறையக் காணாமல் போய்விடும். சுற்றியுள்ள சாம்பல் நீல வானத்துக்கும் சூரியனுக்கும் ஒளிர்வு கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறம் மட்டுமே வேறு. நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை எடுத்துக்காட்டி விளக்கியிருக்கிறார். மூளையில் நிறத்தைப் பிரித்தறியும் பகுதிக்குச் சூரியன் பளிச்சென்று தெரிகிறது, இடத்தையும் அசைவையும் ஒளிர்வைக் கொண்டு கணிக்கும் பகுதிக்கு அது பிடிபடுவதில்லை. அதனால்தான் அது துடிப்பதுபோல் இருக்கிறது.

குழந்தைகளிடம் படத்தைக் காட்டாமல் ஒரு புதிராகக் கொடுக்கலாம்: "கண்ணுக்குத் தெரிய வேண்டும், கேமராவுக்குத் தெரியக் கூடாது. அப்படி ஒரு சூரியனை வரையுங்கள்." 10 × 15 சென்டிமீட்டர் தாளில் முழுக்கச் சாம்பல் நீலம் (நான்கு பங்கு வெள்ளை, ஒரு பங்கு அல்ட்ராமரைன், துளி ஆரஞ்சு). அது காய்ந்ததும் நடுவே நாணய அளவில் ஓர் ஆரஞ்சு வட்டம். பிறகு போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பது.

முதல் முயற்சியில் அநேகமாக எல்லாச் சூரியனும் மாட்டிக்கொள்ளும். கேமராவில் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தால் மஞ்சள் அதிகம். கரும்பொட்டாகத் தெரிந்தால் சிவப்பு அதிகம். மஞ்சளும் சிவப்பும் மூன்றுக்கு ஒன்று என்று தொடங்கி, இந்த விகிதத்தை மாற்றியே சரிசெய்ய வேண்டும். வெள்ளையைச் சேர்த்தால் ஒளிர்வு பொருந்தும், ஆனால் சூரியன் வெளிறிப்போய் தகதகப்பு போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் தனி வட்டமாக இருக்கட்டும். ஈரத்தின் மேல் திருத்திக்கொண்டே போனால் அடியிலுள்ள நீலம் ஆரஞ்சோடு சேர்ந்து பழுப்பாகும். ஈரத்தில் தெரியும் நிறமும் காய்ந்தபின் தெரியும் நிறமும் வேறாக இருப்பதால், காய்ந்த பிறகுதான் படமெடுக்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது.

ஒரு சூரியன் கேமராவில் மறைந்ததும் வகுப்பில் எழும் சத்தத்தை அடக்கக் கொஞ்ச நேரம் ஆகும். மோனேயின் படத்தையும் அதன் கறுப்பு வெள்ளை அச்சையும் அதன் பிறகு காட்டுவதுதான் முறை. முன்பே காட்டினால் அது ஆசிரியர் சொன்ன ஒரு செய்தி. பின்னால் காட்டினால், தாங்கள் மல்லுக்கட்டிய அதே புதிரை ஒருவர் முன்பே அவிழ்த்திருக்கிறார் என்று பார்க்கிறார்கள். முதல் சுற்றில் இருபது நிமிடக் கதையால் நடக்காதது இங்கே இரண்டு நிமிடத்தில் நடந்தது.

மூன்றாம் அமர்வு: இருபது நிமிடத் துணி

ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளமுள்ள வெள்ளைத் துணி கொடியில் தொங்குகிறது. கீழ் விளிம்புக்கும் புல்லுக்கும் 30 சென்டிமீட்டர். குழந்தைகள் நான்கைந்து மீட்டர் தள்ளி அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், வெயில் துணியின் பக்கவாட்டில் விழும்படி. வெயில் குழந்தைகளின் முதுகுப் பக்கமிருந்து வந்தால் துணி தட்டையாகிவிடும், மடிப்பே தெரியாது.

வரைபவரும் தாளும் நிழலில் இருக்க வேண்டும். வெளியே வரைவதில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம் இது. வெயிலில் வைத்த தாள் கண்ணைக் கூசும். கூச்சத்தைச் சமாளிக்கக் குழந்தை நிறங்களை அடர்த்தியாகக் கலக்கும். அங்கே சரியாகத் தெரிந்த படம் அறைக்குள் வந்ததும் இருண்டு கிடக்கும். நிழல் கிடைக்காத இடத்தில், அட்டையின் மேல் விளிம்பில் இன்னோர் அட்டையைத் தாழ்வாரம்போல் ஒட்டிக்கொள்ளலாம்.

முதல் ஐந்து நிமிடம் பிரஷைத் தொடக் கூடாது, ஓட்டை அட்டை மட்டும். பிறகு தண்ணீராகக் கரைத்த நீலத்தில் ஐந்தே ஐந்து கோடுகள்: கொடி, துணியின் இரு ஓரம், கீழ் விளிம்பு, தரை. பென்சில் கிடையாது. அடுத்து நிழல்கள். சூரியன் வானில் ஒரு மணிக்கு 15 பாகை நகர்கிறது, இருபது நிமிடத்தில் 5 பாகை. மடிப்பின் நிழல் அதற்குள் கண்ணுக்குத் தெரியும்படி இடம் மாறிவிடும். ஆகவே நிழல்களின் வடிவத்தை, அவற்றை வரையத் தொடங்கிய மூன்று நிமிடத்துக்குள் குறித்துவிட வேண்டும், அதன் பிறகு துணியில் எப்படி மாறினாலும் தாளில் மாற்றக் கூடாது. நிழலைத் துரத்தும் குழந்தை இரண்டு வெவ்வேறு நேரங்களை ஒரே தாளில் வரைந்து குழம்பிப்போகும். வெளிச்சம் கடைசியில் வருகிறது, கெட்டியான வெள்ளையில் மஞ்சள் துளி சேர்த்து.

கைக்கு ஒரே விதி: ஒருமுறை வண்ணம் எடுத்தால் மூன்று தீற்றல், அதற்கு மேல் இல்லை. வை, இழு, எடு. நான்காவது தீற்றலில் பிரஷ் உலர்ந்து தாளைச் சுரண்டத் தொடங்கும், அங்கேதான் தேய்ப்பு ஆரம்பிக்கிறது. ஒரு மடிப்பை மட்டும் அருகில் போய்ப் பார்த்தால் வேலை புரியும்: மேலிருந்து கீழாக ஒரு நீலத் தீற்றல், அதன் ஓரத்தில் இடைவெளி விட்டு ஓர் ஊதா, கீழே புல்லின் எதிரொளிக்காகக் குறுக்கே ஒரு வெளிர் பச்சை. மூன்றும் தொட்டுக்கொள்ளவில்லை, நடுவே மணல் நிற அடிப்பூச்சு தெரிகிறது. பக்கத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையை வைத்தவுடன் அந்த நீலம் தானாகவே நிழலாகிவிடுகிறது.

இருபதாம் நிமிடம் மணி அடித்ததும் பிரஷ்கள் குவளைக்குள். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்ற கெஞ்சலுக்கு இரங்கக் கூடாது. முதல் சுற்றின் தாள்கள் சேறானது கூடுதலாகக் கிடைத்த அந்த நாற்பது நிமிடத்தில்தான். எட்டு நிமிடத்திலேயே "முடிஞ்சது" என்று நிற்பவர்களுக்குப் புதுத் தாள் தரலாம். பழைய தாளில் "இன்னும் ஏதாவது சேர்" என்று சொல்வதுதான் பெரியவர்கள் செய்யும் கெடுதல்.

இங்கே வந்த தொல்லைகள் சில. காற்றில் துணி சுருண்டு மடிப்பெல்லாம் மாறிப்போனது, கீழ் மூலைகளில் கிளிப் மாட்டிக் கல் கட்டியதும் அடங்கியது. வெயிலில் வைத்த தட்டுகளில் வண்ணம் ஆடை படிந்து கட்டிதட்டியது, தட்டின் அடியில் நனைத்து மடித்த துணி வைத்து, நிழலுக்குள் தள்ளியபின் சரியானது. எல்லாவற்றையும் கோடு போட்டு அடைத்துவிட்டுத்தான் வண்ணம் தொடுவேன் என்று அழும் குழந்தை எந்த வகுப்பிலும் இருக்கும். அவர்களோடு வாதாடாமல், அந்தக் கோட்டை அல்ட்ராமரைனும் கிரிம்சனும் கலந்த அடர் ஊதாவில் போடச் சொன்னால் போதும். கறுப்பு இல்லாததால் படம் செத்துப்போவதில்லை.

நிறக்குறைபாடு பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சிவப்பு, பச்சையைப் பிரித்தறிவதில் சிரமப்படும் பிள்ளைகள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், இந்த வயதில் பலமுறை கண்டுபிடிக்கப்படாமலே இருப்பார்கள். தட்டில் நிறங்கள் எப்போதும் ஒரே வரிசையில் இருந்து, பெயரும் எழுதியிருந்தால் அவர்கள் தடுமாற மாட்டார்கள். நீலம், மஞ்சள், ஒளிர்வு ஆகியவற்றை வைத்தே இந்தப் பயிற்சி நடப்பதால், மறையும் சூரியனில் அவர்கள் மற்றவர்களுக்குச் சளைத்தவர்களாக இருப்பதில்லை.

நான்காம் அமர்வு: அதே துணி, வேறு நேரம்

காலையில் வரைந்திருந்தால் இப்போது மாலை. அதே இடம், அதே துணி, அதே இருபது நிமிடம். இம்முறை குறிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்ததும் மோனேயின் வைக்கோல் போர் ஓவியங்களைக் காட்டலாம்: மோனே 1890, 1891-இல் ஒரே பொருளை ஏறக்குறைய 25 முறை வரைந்தார், அவற்றில் 15-ஐ 1891 மே மாதம் துராண்-ருவல் காட்சிக்கூடத்தில் வைத்தார். "எதுக்கு ஒண்ணையே திரும்பத் திரும்ப வரையணும்?" என்று முதல் சுற்றில் கேட்டார்கள். இரண்டாம் சுற்றில் அந்தக் கேள்வி வரவில்லை.

இதற்குப் பிறகுதான் வரலாறு, அதுவும் கையிலுள்ள அனுபவத்தோடு ஒட்டுகிற துண்டுகள் மட்டும். மோனே 1868-69 குளிர்காலத்தில் வரைந்த 'மேக்பை' பறவைப் படத்தில் பனியின் மேல் வேலி நீல நிழல் விழுத்துகிறது, பாரிஸில் நடந்த அரசு ஓவியக் கண்காட்சியான சலோன் 1869-இல் அதை நிராகரித்தது. பெர்த் மொரிசோ 1875-இல் வரைந்த, துணி உலர்த்தும் காட்சியில் வெள்ளைத் துணிகள் சிறு தீற்றல்களாகவே நிற்கின்றன. அளவு ஏறக்குறைய 33 × 41 சென்டிமீட்டர், பரப்பில் குழந்தைகளின் தாளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்குதான். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் காப்புரிமை பெற்ற தகர வண்ணக் குழாய்தான், கலந்த எண்ணெய் வண்ணத்தைக் காயாமல் வெளியே எடுத்துப்போக வழிசெய்தது. தட்டில் ஆடை படிந்து தவித்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். மோனே 1870-இல் வரைந்த த்ரூவில் கடற்கரைப் படம் ஒன்றின் வண்ணத்தில் மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன என்ற செய்திக்குத்தான் வரவேற்பு அதிகம். எல்லோரும் தங்கள் தாளில் புல்லும் பூச்சியும் தேடுவார்கள்.

1874-இல் பாரிஸில் புகைப்படக் கலைஞர் நடார் முன்பு பயன்படுத்திய ஸ்டுடியோவில் நடந்த இந்த ஓவியர்களின் முதல் கண்காட்சியையும், விமர்சகர் லூயி லெருவா கிண்டலாக எழுதியதில் 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயர் பரவியதையும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். அதே குழுவைச் சேர்ந்த ஓவியர் தெகாவுக்கு இந்த நான்கு அமர்வுகளில் இடமில்லை. அவர் வெளிப்புறத்தில் வரைவதை விரும்பாதவர். மேடை விளக்கும் பேஸ்டல் வண்ணக்கட்டியும் கொண்டு அவருக்குத் தனி வகுப்பு வைப்பதே நியாயம்.

தாள்களை எப்படிப் பார்ப்பது

மதிப்பெண் போடவில்லை. மூன்றைச் சரிபார்த்தால் போதுமாக இருந்தது. படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெயிலும் நிழலும் பிரிந்து நிற்கின்றனவா? ஒரு நிழலைத் தொட்டுக்காட்டி "இதில் என்ன கலந்தாய்?" என்றால் குழந்தையால் சொல்ல முடிகிறதா? தீற்றல்கள் துணி தொங்கும் திசையில் ஓடுகின்றனவா? இரண்டாவதுதான் முக்கியம். முதல் சுற்றில் இந்தக் கேள்விக்குப் பெட்டியில் இருந்த நிறத்தின் பெயர் பதிலாக வந்தது. இரண்டாம் சுற்றில் கலவையும் சண்டையும் வந்தன: இன்னும் கிரிம்சன் வேண்டும், இல்லை போதும் என்று.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் சுற்றின் படங்கள் முதல் சுற்றைவிடப் பார்வைக்கு முரடானவை. சட்டம் போட்டு மாட்ட அல்லிக்குளம்தான் தோதாக இருக்கும், பெற்றோரில் சிலர் அதைத்தான் கேட்கவும் செய்வார்கள். படத்தின் பின்பக்கத்தில் தேதி, நேரம், வானத்தின் நிலை, கலந்த நிறங்கள் ஆகியவற்றைக் குழந்தையே எழுதியிருந்தால், அதைப் படிக்கும் பெற்றோர் முன்பக்கத்தை இன்னொருமுறை திருப்பிப் பார்ப்பார்கள்.

அமர்வு முடிந்ததும் தட்டுகளில் மிஞ்சிய வண்ணத்தைக் கொட்ட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வழித்துக் கலக்கினால் அதே பழைய சேறு வரும். அதில் இரண்டு பங்கு வெள்ளை சேர்த்து, தண்ணீர் விட்டுத் தளர்த்தி, மூடிவைத்தால், அடுத்த குழுவின் தாள்களுக்கு மணல் நிற அடிப்பூச்சு தயார்.